இரண்டாம் மாடியில் மிக்சர்

கொடுத்த கடன் திரும்பவில்லை.
அதற்கு ஈடாக ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு
பி பிளாக் வாசலில் வந்து நின்றார் அவர்.
"குட்டி இல்லடி, மட்டக்குதிரை.
இதுக்கு மேல வளராது" என்றார்,
அது வளருமோ என்பதுதான்
என் கவலை போல.

கருப்பு, பழுப்பு, நடுநடுவே கடலைமாவு நிறம்.
ஐந்து வயது மோனிஷா
ஒரு தடவைதான் பார்த்தாள்.
"மிக்சர்" என்றாள்.
பேர் வைத்துவிட்டதை
யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில்
மோட்டார் பெட்டிக்கும் லோடு ஆட்டோவுக்கும் நடுவே
அதற்கு ஓர் இடம்.
கணக்கு நோட்டில்
வேன் பீசுக்குக் கீழே கொள்ளு, தவிடு, லாடம்.
லாடத்துக்குக் கீழே என் கடைவாய்ப் பல்.
மூன்று வருடம் அந்தப் பல்
அதே வரியில் வலித்தது.

தண்ணி லாரி வந்தால் வீட்டுக்கு ஏழு குடம்.
அதில் ஒன்றரை அது குடிக்கும்.
"உங்க வீட்ல எத்தினி பேரு?" என்று
எதிர்வீட்டு திலகா வாரம் தவறாமல் கேட்பாள்.
மூணு பேரு, என்பேன்.
கீழே இருந்து அது கனைக்கும்.

அந்த மார்கழி மழையில்
அவர் எண்ணூரில் லோடோடு மாட்டிக்கொண்டார்.
ராத்திரி ரெண்டு மணிக்குக் கால்வாய் உள்ளே வந்தது.
நான் ரேஷன் அரிசியை அட்டத்தில் ஏற்றுகிறேன்,
இவளைக் காணோம்.
டார்ச் அடித்துப் பார்த்தால்
ஒரு கையில் வெல்லம், ஒரு கையில் கயிறு,
பின்னால்
வாடகை ஒழுங்காகக் கட்டுகிறவன் போல
படி ஏறி வருகிறது மிக்சர்.

தண்ணீர் ரெண்டு நாளில் இறங்கிவிட்டது.
அது இறங்கவில்லை.

குதிரைக்கு ஏறத் தெரியும்,
இறங்கத் தெரியாதாம். யாருக்குத் தெரியும் இதெல்லாம்.
முதல் படி வரை வரும்,
கீழே எட்டிப் பார்க்கும்,
நாலு காலும் நடுங்கத் திரும்பிவிடும்.
வராந்தாவில் நான் போட்ட கோலத்தின் மேல்தான் நிற்கும்.
திலகாவின் துளசியைத் தின்றது.
அவள் மாமனார் பாத்ரூம் போக
அதன் வயிற்றுக்கடியில் குனிந்து போனார்.
சங்கத் தலைவர் மேலே வந்து
சட்டம் பேச ஆரம்பித்தார்,
அது சாணி போட்டது. போய்விட்டார்.

நாலாம் நாள் அவர்
ஹார்பரில் இருந்து ஆறு பேரைக் கூட்டிவந்தார்.
படிமேல் பழைய மெத்தை, அதன்மேல் பலகை,
கயிறு, அதட்டல், "ஹே ஹே".
அசையவில்லை.
கண்ணைக் கட்டணும் என்றான் ஒருத்தன்.
துண்டு கட்டினார்கள், உதறிவிட்டது.
மோனிஷாதான்
கொடியில் கிடந்த என் நைட்டியை எடுத்து வந்தாள்.
வேர்வை நாற்றம், தவிட்டு நாற்றம்,
துவைக்காதது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கட்டியதும் நின்றது நடுக்கம்.
"நீ முன்னாடி போம்மா."
போனேன்.
முதுகில் சூடாக ஒரு மூச்சு,
ஈரமான மூக்கு.
ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம்
என்னை இடித்துப் பார்த்துக்கொண்டு
முப்பத்தாறு படியும் அது இறங்கியது,
அதை ஒருநாளும் கேட்காதவளின் பின்னால்.
அன்று ராத்திரி பல் வலிக்கவில்லை
என்று சொல்லலாம். வலித்தது.

இப்போது மோனிஷாவுக்குப் பன்னிரண்டு.
ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் இடிக்கிறது.
அவளே இறங்கிவிட்டாள்,
ஸ்கூட்டி கேட்கிறாள்.
காலை நாலரைக்கு அது கனைப்பது
யாரை எழுப்ப என்று
வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போன ஞாயிறு எர்ணாவூரில் இருந்து ஒருவர்,
கூடவே நாலு வயசுப் பையன்.
பையன் அதன் காதைத் தொட்டான்,
அது தலையைத் தாழ்த்திக் கொடுத்தது.
பதினெட்டாயிரம் என்றார்.
அவர் என் முகத்தைப் பார்க்கிறார்.
மோனிஷாவும் பார்க்கிறாள்.
வாங்கும்போது யாரும் பார்க்காத முகம்.

"உங்க வீடு மாடியா, தரையா?" என்றேன்.
"தரைதான்க்கா."
"மழைக்குத் தண்ணி வருமா?"
"வராதுக்கா."

அடுத்து என்ன கேட்பது என்று
தெரியவில்லை.
இருங்க, டீ போடறேன் என்று
தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு
மாடி ஏறினேன்.