இரண்டரை மணி நேரம்

கிறிஸ்துதாஸ் தோகாவிலிருந்து
ஒரேயடியாக வந்துவிட்டபோது
பெட்டியில் இருந்தவை:
ஒரு கம்பளி, கோடாலித் தைலம் பன்னிரண்டு,
டவலில் சுற்றிய ஹார்டு டிஸ்க்.
"பதினோராயிரத்து நானூறு படம் கிடக்கு" என்றார்,
தேங்காய் எண்ணிச் சொல்வதுபோல.

கருங்கல் வீட்டுக் கம்ப்யூட்டரில்
எனக்கென்று ஒரு லைப்ரரி இருந்தது.
கொழுந்தனுடையது தனியாக ஒன்று.
அபிஷா தொடங்கிப் பாதியில் விட்டது இன்னொன்று,
பெயர் 'புதியது இரண்டு'.
புதியது ஒன்று எங்கே என்று அவளுக்கே தெரியாது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்க முடியும்.
அவருடையது திறந்தால்
என்னுடையது மூடிக்கொள்ளும்.
லீவுக்கு வந்த மாதங்களைக் கழித்தால்
எங்களுக்கும் அதுதான் கணக்கு.

ஆனி மழை பிடித்தது. ரப்பர் வெட்டு இல்லை.
அடுக்களையை ஒதுக்கிவிட்டு
நாலையும் ஒன்றாக்க உட்கார்ந்தேன்.

மென்பொருள் முதலில் முகங்களைப் பிடித்துவந்தது.
இது யார், இது யார் என்று
புதிதாய் வந்த மயினிபோல விடாமல் கேட்டது.
குருசடி அந்தோணியார் நாற்பத்தேழு இடத்தில்;
அவர் கையிலிருக்கும் பிள்ளை
பெயரில்லாத இன்னொரு ஆள்.
வெட்டிவைத்த சக்கையில் ஒரு முகம் கண்டு
அதற்கும் பெயர் கேட்டது.
நாத்தூன் பெயரைப் போடலாமா என்று
ஒரு நிமிடம் தோன்றியது. மாதாவே மன்னியும்.

கொழுந்தன் காமிராவில் யாரும் தேதி வைத்ததில்லை.
பேட்டரி மாற்றும்போதெல்லாம் அது பழைய இடத்துக்கே போகும்.
அதனால் எல்லாமே
இரண்டாயிரத்து ஐந்து ஜனவரி ஒன்று
நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நடந்தது:
அவன் கல்யாணம், மூத்தவனின் ஞானஸ்நானம்,
கிணறு இடிந்தது,
மாமனார் அடக்கத்துக்கு வந்த கூட்டம்.
ஒரே ராத்திரியில் ஒரு வீடு
அவ்வளவும் தாங்கியிருக்கிறது.
ஒவ்வொன்றுக்கும் நாள் போட்டேன்.
கிணற்றுக்குத்தான் தெரியவில்லை.
ஓணம் கழிந்து, என்று மட்டும் நினைவு.

பிறகு அவருடையதை என்னுடையதோடு கலந்தேன்.
வரிசை பிசகியது.
நான் கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டும் முன்பே
அவர் தின்றுகொண்டிருந்தார்.
அபிஷாவின் மார்க்கு இங்கே தெரியவே இல்லை,
அங்கே கேம்பில் லட்டு கொடுத்துவிட்டார்.
காமிராக்கள் அவரவர் ஊர் மணியில்
உண்மைதான் சொல்லியிருக்கின்றன.

பதினோராயிரத்து நானூறையும் மொத்தமாய்ப் பிடித்து
இரண்டரை மணி நேரம் கூட்டினேன்.
ஒரே ஒரு அழுத்து.
பத்தொன்பது வருடமும் கிளம்பி வந்து
என் கடிகாரத்தில் இறங்கியது.
இவ்வளவுதானா என்று
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி.
இரண்டு படத்தை அடுத்தடுத்து நிறுத்தி,
'இவை ஒன்றுபோல் உள்ளன. ஒன்றை நீக்கலாமா?'

ஒன்று என்னுடையது.
வீடியோ காலில் திரை நிறைய அவர் முகம்,
பின்னால் மேல்கட்டிலில் காய்கிற சட்டை,
மூலையில் தபால்தலை அளவுக்கு நான்.
அவருக்குத் தெரியாமல் பிடித்து வைத்தது.

மற்றது அவருடையது.
திரை நிறைய நான்.
மூலையில் அவர்.
அதே செவ்வாய், அதே எட்டு முப்பத்திரண்டு.
அவரும் சொல்லவே இல்லை.

என்னை நான் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.
கன்னத்தில் மரச்சீனி மாவு.
கண் காமிராவில் இல்லை;
கொஞ்சம் கீழே, அவர் தெரிந்த இடத்தில்.
என்ன பேசினோம்?
சீட்டுப் பணமா, ஓடு ஒழுகியதா,
வாய் ஏதோ ஒரு எழுத்தில் நிற்கிறது.
ஆவோ, ஓவோ.

சாயாவோடு பின்னால் வந்து நின்றார்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.
"இத எப்பளா எடுத்த?"
"நீங்க எப்ப எடுத்தீங்க?"
இரண்டும் ஒரே நேரத்தில்.

கரண்டு போனது.
யு.பி.எஸ். கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.
ஐந்து நிமிடம் தாங்கும்.
இருட்டில் திரை மட்டும், அதில் அந்தக் கேள்வி.
அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு
சாயாவைக் கீபோர்டு பக்கத்தில் வைத்தார்,
வைக்காதீங்க வைக்காதீங்க என்று
நான் தினமும் சொல்கிற இடத்தில்.