இருபது சதவீத நீலம்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வினிபெக்கில் நாலரைக்கே
சூரியன் கடையைப் பூட்டிவிடும்.
ஹோலின் மூலையில் நாற்பது காலன் கடல்
இருண்டுகொண்டு வருகிறது.

உப்பைக் கலக்கியவன் நான்.
வெள்ளை வாளியில், ஒரு துடுப்புக் கரண்டியால்,
மானி முப்பத்தைந்தைத் தொடும்வரை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இரண்டு கோமாளி மீன்களும்
தீன் போடும் விரலைத்தான் நினைக்கின்றன.

பவளத்துக்கு உப்பு மட்டும் போதாது.
அதன் தசைக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது.
அதற்கு வெளிச்சம் வேண்டும்,
வாடகையைச் சர்க்கரையாகத் தரும், தினமும்.
(எங்கள் பேஸ்மென்றுப் பெடியன்
மாதக் கடைசியில் வந்து தலையைச் சொறிவான்.)

கடையில் தொங்கிய லைற்
தொள்ளாயிரத்து நாற்பது டொலர்.
மேகம் கடந்ததுபோல் மங்குமாம்.
ஃபோனில் அமத்தினால் மின்னல் வெட்டுமாம்.
வானுக்குப் பிறேக் மாற்றிய மாதம் அது.
நான் சொல்வது ஓடுகிற வானை.

குழல் விளக்கு மலிவு, முதல் வருசம் மட்டும்.
பிறகு வருசா வருசம் நாலு குழல்.

ட்ரான்ஸ்கோனாவில் டார்சி என்றொருவர்
தன் மீன்களெல்லாம் செத்த பிறகு
இருநூற்றைம்பது வாற்ஸ் பழைய விளக்கொன்றைச்
சும்மா தருகிறேன் என்றார்.
"வீடும் சூடாகும்" என்று சிரித்தார்.
மனுசி சிரிக்கவில்லை.
"லைற்றை அவர் சும்மா தருவார்.
கரண்டை ஆர் சும்மா தருவினம்?"

கடைசியில் வந்தது
பேர் இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி.
நூற்றி முப்பத்தொன்பது, வரி தனி.
இரண்டே திருகி: ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.
விசிறி இரைந்தது, தூரத்து ட்றக் மாதிரி.

இரண்டையும் கடைசிவரை திருகினேன்.

நாலாம் நாள் பச்சைப் பூக்கள் மூடின.
ஆறாம் நாள் ஒரு துண்டு
பல்லைப் போல வெளுத்தது.
பட்டினி என்றுதான் நினைத்தேன்.
பெட்டியை இன்னும் நாலு அங்குலம் இறக்கினேன்.
மலிவானது போதாது, போதவே போதாது என்று
எனக்குள் யாரோ எப்போதும்
சொல்லிக்கொண்டே இருக்கிறார்.
நல்ல சப்பாத்து இல்லாமல் நேர்முகத்துக்குப் போன நாளிலிருந்து
அவரை எனக்குத் தெரியும்.

பதினைந்து டொலருக்கு ஒரு வார இறுதி
ஒளிமானி வாடகைக்கு எடுத்தேன்.
வயர் முனையைத் தண்ணீருக்குள் விட்டு
மனுசி வாசித்தாள்: "நானூற்றிப் பத்து."
நூறு போதும் என்றிருந்தது.
அவள் என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை,
ஏணியைப் பிடித்தாள்.

டொலர் கடைச் சங்கிலியில் இரண்டு அடி மேலே.
வெள்ளை, கிட்டத்தட்ட இல்லை.
நீலம், இருபது சதவீதம்.
மூன்றாம் கிழமை, வேலைக்குப் போகும் அவசரத்தில்,
பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன்:
ஓரத்தில் ஒரு வாய் திறந்திருந்தது.
வெளுத்த துண்டு வெளுத்தபடியே கிடக்கிறது.
எடுத்து எறிய மனம் வரவில்லை.

நேற்று, பனி தள்ளிக்கொண்டிருந்த
பக்கத்து வீட்டு ரொமெல்
யன்னலில் கசியும் ஊதா வெளிச்சத்தைக் காட்டிக்
கண்ணடித்தான்.
"பயப்படாதே, யாருக்கும் சொல்லமாட்டேன்."
உள்ளே கூட்டிவந்தேன்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு
காலுறையோடு கண்ணாடிக்கு முன்னால் குந்தினான்.
பிறந்தது போஹோல் தீவு என்றான்.
சின்னதில் இதன்மேல்தான் நடந்து போவானாம்,
வலை எடுக்க. காலை வெட்டுமாம்.
முகம் முழுக்க நீலம்.

"என்ன விலை?"
"நூற்றி முப்பத்தொன்பது."
"கடலா?"
"இல்லை, வெயில்."

கொஞ்ச நேரம் விசிறிதான் பேசியது.
"அங்கே சும்மா அடிக்கும்" என்றான்.
பிறகு பனி தள்ளியைத் தேடிக்கொண்டு
வெளியே போனான்.