ஆயிரத்து எண்பத்தாறு

இரவு பதினொன்றரைக்கு மேல்தான் ஊசியை இறக்குவோம்.
பகலில் செக்காலை ரோட்டு லாரிகள்,
பள்ளிக்கூட வேன்கள், மாடியில் யாரோ நகர்த்தும் நாற்காலி,
எல்லாம் தரைவழியாக வந்து நுனியை உலுக்கும்.
ராமேஸ்வரம் வண்டி காரைக்குடியைத் தாண்டியதும்
நசீமா மேடம் கையைத் தூக்குவார்:
"இப்ப."

ஊசி தங்கம்தான்.
அடகுக் கடைத் தராசு அதைக் கண்டுகொள்ளாது.
நுனிக்கும் மாதிரிக்கும் நடுவே
ஓர் ஒளியலை நிமிர்ந்து நிற்க இடமில்லை.
அந்த இடமில்லாத இடத்தில்தான் எங்கள் பிழைப்பு.

ஒளிக்கு ஒரு வறட்டுப் பிடிவாதம்.
தன் நீளத்தில் பாதிக்குள் நெருங்கி நிற்கும் இரண்டை
ஒன்று என்றே சாதிக்கும்.
அதை நம்பாமலிருக்க எனக்குச் சம்பளம்.

உமையாளுக்கும் அதே சம்பளம், மலைமேல்.
ஒற்றை என்று ஏட்டில் ஏறிய நட்சத்திரத்தை
இரண்டாகப் பிரித்துவிட
மூன்று வருஷமாய் முட்டிக்கொண்டிருக்கிறாள்.
காற்று நடுங்குது என்பாள்.
தரை நடுங்குது என்பேன்.
விடுதியில் ஒரே வாளியில் குளித்தவர்கள்;
இப்போது அவளுக்கு அகலம் வேண்டும், எனக்கு நெருக்கம்.

மாசியில் வந்தது அந்த மேடு.
ஓரணுக் கனத்துக் கரி ஏட்டில்
ஆயிரத்து எண்பத்தாறாம் எண்ணில்,
அழைக்காமல் வந்த சம்பந்தி மாதிரி
நடுக்கூடத்தில்.

முதல் நாள் பிழை என்றோம்.
மூன்றாம் நாள் கண்டுபிடிப்பு என்றோம்.
ஐந்தாம் நாள் சிரில் தலைப்பே எழுதிவிட்டான்.
யார் பெயர் முன்னால் என்ற பேச்சில்
டீ ஆறி ஆடை கட்டியது.

வரைபடத்தை உமையாளுக்கு அனுப்பினேன்.
பதில் விடிகாலையில்:
"போன வருஷம் என் நட்சத்திரத்துல சோடியம் எகிறுச்சு.
அடிவாரத்துல புதுசா தெருவிளக்கு.
உன் ஜன்னலுக்கு எதிர்ல என்னடி இருக்கு?"

எதிரே ஒரு பெரிய வீடு.
பதினாலு பங்காளிகளும் ஒருவழியாய்க் கையெழுத்துப் போட்டு
ஹோட்டலாகிக்கொண்டிருந்தது.
இடையில் யாரோ அடித்த பச்சைப் பெயிண்டை
நாலு பேர் சாரத்தில் நின்று சுரண்டினார்கள்.
தெருவெல்லாம் வெள்ளை. என் ஸ்கூட்டர் சீட்டும்.

ஒட்டுத்தாளில் ஒரு சிட்டிகை எடுத்தேன்.
"தூசி எதுக்கும்மா?" என்றாள் சாரத்தின் மேலிருந்து செங்கம்மா.
"எங்க வீட்டுக்குள்ள வந்திருக்கு.
அதுதானான்னு பாக்கணும்."

அதுதான்.
ஆயிரத்து எண்பத்தாறு, ஆணி அடித்தாற்போல.
சுண்ணாம்பு.
முட்டை வெள்ளைக்கருவும் இருக்கும் என்று ஊர் சொல்லுமே,
அதற்கான மேட்டையும் தேடினேன்.
இந்தச் சிட்டிகையில் முட்டை இல்லை.

உமையாள் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம்.
"நானும் தினம் கால்சியத்தைத்தான் பாக்கறேன்.
ஊதா ஓரத்துல ரெண்டு கறுப்புக் கோடு.
உனக்கு மேடு, எனக்குப் பள்ளம்."
"உன் நட்சத்திரம்?"
"இன்னும் ஒண்ணுதான்."

சாப்பாட்டு நேரத்தில் செங்கம்மா வந்து
திரையைக் குனிந்து பார்த்தாள்.
"இதுவா நாங்க சுரண்டினது?
இவ்வளவு ஒசரமாவா நிக்குது?"
பிறகு, போகிற போக்கில்:
"அப்ப நாங்க தின்ன தூசிய எதுல பாப்பீங்க?"

பதில் இல்லை என்னிடம்.
மறுநாள் முகமூடி ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தோம்,
மேடம் பில்லில்.
ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினோம்.
சிரில் அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை.

வண்டி தாண்டிவிட்டது.
ஆயிரத்து எண்பத்தாறில் இப்போது
வெறும் தரை,
அதன்மேல் சன்னமாய் ஓர் இரைச்சல்.
மேடம் கை மேலே போகிறது.