விரலை மடக்கி

கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்.
மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்றால்
தோசைக்கல்.
ஆறு மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டு
மருந்துக்கடைக்கு ஓடுகிறவள் நான்.
போர் தண்ணீர் பையோரம் உப்பாய்க் கோடு போடுவதால்
கடை ஏசி சொட்டுவதைக் கேனில் பிடித்து
பேருந்தில் கொண்டுவருகிறேன்.
"என்னம்மா, அமிர்தமா?" என்றார் கண்டக்டர்.
"சுரைக்கு" என்றேன்.

மின்வாரியக் கணக்கெடுப்பாளர் சென்னகேசவன்
மீட்டர் பார்க்கிற குரலிலேயே சொன்னார்:
"தக்காளி, நாற்பது பூ. காய் ரெண்டு."
தேங்காய்ப் பாலும் புளித்த மோரும் கலந்து
ஏழு நாள் வைத்துத் தெளிக்கச் சொன்னேன்.
பூ நின்றது.
எதிர்வீட்டுப் பூனையும் வந்து நின்றது,
இலையை நக்கிக்கொண்டு.

திம்மராயனுக்குக் குரங்கு.
சையத் பாஷா மலையிலிருந்து ஏழரைக்கு இறங்கும்.
ஒரு கொய்யாவைக் கடித்துப் பார்க்கும், பிடிக்காது,
அடுத்ததும் பிடிக்காதா என்று பார்க்கும்.
விரட்டுவதற்கு ஒரு சேலையைக் கட்டினார்.
அதை ஒரு குட்டி போர்த்திக்கொண்டு போனது.
நல்ல சேலை என்று அவர் மனைவி சொன்ன பிறகுதான்
அவருக்குத் தெரிந்தது.

ஆரோக்கியமேரி டீச்சர் வீட்டுப் பாகல் மட்டும்
கொடி தெரியாமல் காய்த்தது.
ஆளுக்கு அரைக்கிலோ.
வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்.
"என்ன உரம் போட்டீங்க?"
"ஒண்ணும் போடல. மறந்தே போயிட்டேன்."
அந்தப் பதிலை நாங்கள் யாரும் மன்னிக்கவில்லை.

என் செம்பருத்தியின் கணுவெல்லாம்
ரவை ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி.
அதை விடுங்கள்.
சுரையைச் சொல்ல வந்தேன்.

இருபத்தைந்து நாள் ஆணாகவே பூத்தது.
பிறகொரு வெள்ளிக்கிழமை,
அடியில் விரல்நுனி அளவு பிஞ்சோடு
ஒரே ஒரு பெண் மொட்டு.
அன்றைக்கென்று பார்த்து ஆண் பூ ஒன்றுகூட இல்லை.
சுரை அந்தியில் விரியும்,
விடிந்தால் துவண்டுவிடும்.
இருப்பது ஒரே ராத்திரி.

கடையிலிருந்தே நஸீமாவைக் கூப்பிட்டேன்.
"உங்க வீட்ல ஆண் பூ இருக்கா?"
சர்க்கரை மாத்திரைக்கு நின்ற வரிசை முழுக்க
என்னைத் திரும்பிப் பார்த்தது.

பழையபேட்டையிலிருந்து அவள் மகன் அனீஸ்
மாங்காய் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வந்தான்.
சோற்று டப்பா. உள்ளே ஈரத்துணி.
துணியில் இரண்டு வெள்ளைப் பூ.
"அம்மி ஒண்ணு போதும்னாங்க.
கீழ விழுந்துட்டா என்ன பண்றதுன்னு
நான்தான் இன்னொண்ணு பறிச்சேன்."
செல்போன் வெளிச்சத்தில் இதழைக் கிழித்து
மஞ்சள் பொடியைத் தொட்டு வைத்தோம்.
அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.
நானும்தான், ஏனென்று தெரியவில்லை.

அன்றிரவே காற்று. பிறகு ஆலங்கட்டி.

காலையில் சென்னகேசவன் சொன்னது ஒரே வார்த்தை:
"பூஜ்யம்."
திம்மராயனின் கொய்யாவைக் குரங்குக்கு முன்
வானம் கடித்துவிட்டிருந்தது.
டீச்சரின் பாகல் பந்தல் குப்புறக் கிடந்தது.
போனில் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:
"ஒண்ணும் போடலன்னு சொன்னது பொய்ம்மா.
கடலைப் புண்ணாக்கு ஊறவெச்சு
வாரம் ரெண்டு தரம், ராத்திரில ஊத்துவேன்."
சிரித்தேன். அவரும்.
அடுத்த வாரமே எல்லா மாடியிலும்
புண்ணாக்கு நாற்றம்.

ஏழாம் நாள் என் மாடிக்கு எல்லாரும் வந்தார்கள்.
தொட்டிச் சுவரின் மறைவில் தப்பித்த கொடி.
பிஞ்சு கட்டைவிரலைத் தாண்டியிருந்தது,
பூனைமயிர் படர்ந்து, வெளிர்பச்சையாய்.
"எங்க, எங்க?" என்று திம்மராயன் நீட்டிய விரலை
நஸீமா சட்டென்று தட்டிவிட்டாள்.

சுட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகிவிடும்.

அறிவியல் பாடம் எடுக்கும் டீச்சர்,
யூனிட் யூனிட்டாய் எண்ணுகிற சென்னகேசவன்,
காலாவதித் தேதி பார்க்காமல் எதையும் தராத நான்,
எல்லாரும்
ஆள்காட்டி விரலை மடக்கி
முட்டியால் காட்டினோம்,
அதோ என்று.