பின்சரிவு

ஓட்டுக்கு ஒன்றும் ஆகவில்லைங்க என்று
மூன்றாம் முறையாகச் சொன்னேன்.
பதினேழாம் நம்பர் தெய்வசிகாமணி
அண்ணாந்த கழுத்தை இறக்காமலே கேட்டார்,
"அப்புறம் எப்படீங்க ஒழுகுது?"

ஓட்டுக்கு அடியில் ஒரு கறுப்புத்தாள் உண்டு.
தார் தோய்த்தது. விரித்த அன்று பார்த்தது,
பிறகு அதன் நினைப்பே யாருக்கும் வந்ததில்லை.
தடாகத்து வெயில் இருபத்தொரு வருஷம்
திருப்பிப் போடாத தோசையாக அதைச் சுட்டிருந்தது.
ஒரு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.
மூடினார். திறந்தார்.
உள்ளங்கையில் கரி.

"மழைதான் இங்க பெய்யறதே இல்லையே?"
நியாயம்தான்.
மலைக்கு அந்தப்பக்கம் கொட்டும்போது
நமக்கு வருவது வாசமும் காற்றும்.
ஆனாலும் ஐப்பசியில் இரண்டு நாள் உண்டு.
ஒழுகுவதற்கு இரண்டு நாள் தாராளம்.

எட்டுப்பேர் ஏறினோம்.
கழற்றக் கழற்ற
வீட்டின் மண்டைக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது:
அணில் இழுத்துப்போன ஜரிகை நூல்,
இறகுப்பந்து மூன்று,
நாலாவது ரீப்பரில் பென்சிலால் ஒரு கணக்கு.
நாற்பத்தாறு, நாற்பத்தாறு, முப்பத்தெட்டு,
ஆகமொத்தம் நூற்றிருபது.
கூட்டிப் பார்த்தேன். பத்து இடிக்கிறது.
அந்தப் பத்து ஓடு யார் கூரைக்குப் போனதோ,
இருபத்தொரு வருஷமாக நனையாமல் இருக்கட்டும்.

முகட்டில் மட்டும் வரிசையாகக் கீறல்.
மயில்கள் வந்து இறங்குகிற இடம்.
விரட்டவே கூடாது என்று சங்கத்துக்கு
ஒன்பதாம் நம்பர் அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்.
முருகன் வண்டி நிறுத்த இடம்,
பழுது நம் செலவு.

இறக்கியதில் உடைந்தது நானூற்றுச் சொச்சம்.
திருச்சூர்க்காரரைக் கூப்பிட்டால்
அந்தச் சிவப்பு நின்று ஆறு வருஷம் என்கிறார்.
சங்கத்து விதியோ
நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே சிவப்பு.
பின்சரிவின் பழைய ஓட்டைப் பிரித்து
முன்சரிவின் பொக்கைகளை அடைத்தேன்.
புதுச்சிவப்பு முழுக்கப் பின்னால்.
"பின்னாடி யாருங்க பாக்கப்போறா," என்றார்.
"கரண்டு வேலி, அதத் தாண்டுனா மலை."

"நான் பார்ப்பேன்," என்றான் சுக்ராம்.
முகட்டில் குந்தியிருந்தான்.
அவன் காட்டிய பக்கத்தில்
சூளைக்குத் தோண்டி விட்டுப்போன பள்ளம்,
பள்ளத்தின் உதட்டில் தகரம் போட்ட ஒரு வரிசை.
மூன்றாவது அவனுடையது.
அவன் மனைவி துணி துவைக்கிற கல்லிலிருந்து
இந்தச் சரிவு நேராகத் தெரியுமாம்,
தினமும் எத்தனை வரிசை ஏறியது என்று
ராத்திரி அவள்தான் சொல்கிறாளாம்.

தெய்வசிகாமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அந்தத் திசையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சாயங்காலம் டீ வந்தது,
எட்டுப்பேருக்கு ஏழு கப்.

பதினோராம் நாள் முடித்துவிட்டுக்
கணக்குத் தீர்க்கப் போனேன்.
உட்காரச் சொன்னார், இளநீர் வெட்டச் சொன்னார்,
எண்பது சதவீதத்துக்குச் செக் எழுதினார்.
"மிச்சத்த ஒரு மழை பாத்துட்டுத் தர்றனுங்க."
கோபப்படவும் வழியில்லை.
அந்த நாற்காலியில் இருந்தால்
நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து
விடிந்ததும் மொட்டைமாடிக்கு ஏறுகிறேன்.
என் இருபது சதவீதம் மேகத்தில் இருக்கிறது,
அதற்குள் ஏழுபேரின் தீபாவளி.
வானம் வெளுத்த வேட்டி.

நேற்று பொழுது சாயும்போது சுக்ராம் கூப்பிட்டான்.
"அக்கா, நம்ம ஓட்டுக்கு மேல, மலைக்கு மேல,
கறுப்பா வருது."
மின்னியதா என்று கேட்டேன்.
"இரு," என்றான்.
போனை அணைக்காமல்
அவன் தகரத்தில் முதல் சொட்டு விழுகிறவரை
இரண்டு பேரும்
பேசாமல் இருந்தோம்.