உட்கருவுக்கு வெளியே

கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருக்கும் இந்த ஈரல்
யாருடையதென்று தெரியாது.
எண் மட்டும்தான்.
டர்பனில் ஜூலை. ஆய்வகத்து ஹீட்டர்
முனகிக்கொண்டே இருக்கிறது.

நேற்று சாயமேற்றி வைத்ததை
இன்று லென்ஸில் பார்க்கிறேன்:
உயிரணுக்களின் நடுவே பழுப்புப் பொட்டுகள்.
குளிர் தைத்தால் சுரக்கும் புரதம் இது.
குளிர்தான் என்றில்லை,
மூச்சு முட்டினாலும்
குருதி வழியில் நின்றுபோனாலும்
எழுந்து உட்காரும்.
கிழியப் போகும் செய்திகளை
மடியில் வாங்கிக் காக்கும்.

உள்ளே இருக்கும்வரை.

தாங்காத ஒரு நேரத்தில் வாசல் தாண்டும்.
அதே புரதம்தான், ஓர் எழுத்தும் மாறவில்லை,
வெளியே அது கூக்குரல்.
கல்லீரலின் காவல் அணுக்கள் திரும்புகின்றன.
யார், எவர் என்று கேட்பதில்லை.
கொளுத்துகின்றன,
தாம் காக்க வந்த வீட்டையே.

பூபாலன் என் தம்பி.
அந்த ஜூலையில், ஃபீனிக்ஸில், எங்கள் தெருமுனையில்
டயர்களையும் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றையும் அடுக்கினார்கள்.
முதல் இரவு கம்பளியைப் போர்த்திக்கொண்டு
கேட்டுக்கு உள்பக்கம்தான் உட்கார்ந்திருந்தான்.
பிளாஸ்கில் டீ கொடுத்தேன்.
இரண்டாம் இரவு கேட்டைத் தாண்டினான்.
அம்மாவிடம் மிச்சமிருக்கும் தமிழ் கொஞ்சம்தான்,
அதில் ஒன்று அன்று வெளியே வந்தது:
"ஈரக்குலை நடுங்குதுடா, உள்ள வா."
அவன் கையில் ஹாக்கி மட்டை.
எங்கள் வீட்டில் யாரும் ஹாக்கி ஆடியதில்லை.

விடியற்காலையில் தோட்டத்துக் குழாயில்
நெடுநேரம் கை கழுவினான்.
டீ வேணுமா என்று மட்டும் கேட்டேன்.

ஹ்லெங்கிவே பதினோரு நாள் கழித்து வேலைக்கு வந்தாள்.
இனாண்டாவிலிருந்து அவள் வரும் டாக்ஸி
எங்கள் பக்கமாகத்தான் வரும்.
இந்த மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு ஜோடிக் கண்கள்;
எதிரெதிரே அமர்ந்து
ஒரே சதைத்துணுக்கைப் பார்ப்போம்.
எங்கே சேதம், காட்டு, என்பாள்.
நான் அம்புக்குறியை நகர்த்துவேன்.
அன்று அதைக் கேட்கவில்லை.
"உன் தெருவில் யார் யார் நின்றார்கள்?"
நான் ஃபோகஸைத் திருகினேன்.
தெளிவாக இருந்ததை மங்கலாக்கி
மறுபடி தெளிவாக்கினேன்.

எலிகளில் செய்து பார்த்திருக்கிறார்களாம்.
வெளியே வந்ததை மட்டும் பிடித்து நிறுத்தினால்
ஈரல் பெரும்பாலும் பிழைக்கிறது.
உள்ளே இருப்பதைத் தொட வேண்டாம்,
குளிர் இன்னொரு முறை வரும்.
பிடித்து நிறுத்த ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.
என்னிடம் அன்று இருந்தது பிளாஸ்க்.

பூபாலன் இப்போது டோங்காட்டில் டைல் பதிக்கிறான்.
ஞாயிற்றுக்கிழமை வருவான், சாப்பிடுவான்,
ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவான்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.
உட்கருவுக்கு வெளியே: உண்டு, இல்லை.
பேனா என் கையில்.
எதிர்ப்பக்க லென்ஸிலிருந்து
ஹ்லெங்கிவே இன்னும் கண்ணை எடுக்கவில்லை.

உண்டு என்று எழுதுகிறேன்.
"எங்கே," என்கிறாள்,
"காட்டு."