எல்லோருக்குமா, ஏழுக்கு மேலா

காலை ஒன்பதரை. தாம்பெரேயில் வெளிச்சம்
இன்னும் நீலமாகவே இருக்கிறது.
பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
நான், ஆறிய காப்பி,
எண்பத்தேழு நிமிடப் படம்.
கூலிக்காரனைக் கூப்பிடாமல்
தன் வீட்டுக் கூரையைத் தானே சரிசெய்யப் போகிறான்
ஒரு தகப்பன்.
அவ்வளவுதான் கதை.

என் வேலை எண்ணுவது.
விழுதல்: நாற்பத்தொன்று.
ஏணியிலிருந்து தொபுக்கடீர் ஆறு,
பெயின்ட் வாளிக்குள் தலைகுப்புற இரண்டு,
மற்றதெல்லாம் சாதாரணப் பொத்துகள்.
தீ: தாடியில், மூன்று விநாடி.
ரத்தம்: இல்லை.
வாத்து மூக்கைக் கடிப்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
விலங்கு என்றொரு கட்டம் உண்டு.
அது விலங்குக்கு நேரும் கொடுமைக்கு.
இங்கே குற்றவாளியே வாத்துதான்.

"எழுந்துவிடுகிறானா?" என்று கேட்டான் ரைஜோ,
பக்கத்து மேசையில்
கோடாரிப் படம் ஒன்றை நிறுத்திவிட்டு.
ஒவ்வொரு தடவையும் எழுந்துவிடுகிறான்.
"அப்புறமென்ன, எல்லோருக்கும்.
மத்தியானம் சூப் குடிக்கப் போவோம்."

எனக்கொரு பழக்கம், விதியில் இல்லாதது.
விநியோகஸ்தரிடம் சொல்லிவிட்டு
மழலையர் பள்ளிக்குப் படத்தை எடுத்துப் போவேன்.
பதினோரு பிள்ளைகள்.
வெந்நீர்க் குழாய்மேல் வரிசையாகக்
காயும் கையுறைகள், ஈரக் கம்பளி வாசம்.
நான் திரையைப் பார்ப்பதில்லை,
முகங்களைத்தான்.

முதல் பொத்துக்கே அறை அதிர்ந்தது.
தௌக்கோ என்ற பொடியன்
சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து,
தண்ணீர் குடிக்கப் போனவன்
தானும் ஒருமுறை வேண்டுமென்றே விழுந்து காட்டினான்.
வாத்து வந்தபோது
ஆசிரியையே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அறுபத்து மூன்றாம் நிமிடம்.
தாய்க்குப் பொறுமை போய்விடுகிறது.
பெட்டி கட்டுகிறாள்.
வாசல்படியில் பெட்டி வாய் பிளந்து
உள்ளாடை பறந்து விளக்கில் மாட்டுகிறது.
மறுபடி ஒரே கூச்சல்.
நானும் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஹில்ப்பாவுக்கு ஐந்து வயது.
காலுறையின் நுனியை முறுக்கிக்கொண்டே
யாரையும் பார்க்காமல் கேட்டாள்:
"அந்தப் பெட்டியில
குட்டிப் பையனோட சட்டை இருந்துச்சா?"

யாரும் பதில் சொல்லவில்லை.
படம் ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் அந்தக் காட்சியை
ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தேன்.
இரண்டு கழுத்துத் துணி, முடி உலர்த்தி,
ஒற்றைச் செருப்பு, உள்ளாடைகள்,
ஒரு சோப்புப் பெட்டி.
சட்டை இல்லை.

எண்பதாம் நிமிடம் அவள் திரும்பி வந்துவிடுகிறாள்,
வாத்தின் புண்ணியத்தில்.
இடையில் பதினேழு நிமிடம்.
எனக்கு அது அரைக் கோப்பைக் காப்பி.
"பெட்டி ஆயுதமா என்ன?" என்றான் ரைஜோ.
இல்லைதான்.
படிவத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

டிராம் நிறுத்தத்தில் பனிக்கட்டி.
கால் ஒரு பக்கம், பை ஒரு பக்கம்,
உட்கார்ந்த வாக்கில் நான்,
நடைபாதை நடுவே.
வலி எங்கே என்று தெரிவதற்கு முன்பே
எனக்குச் சிரிப்பு வந்தது.
எதிரில் இரண்டு பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
ஒன்பது, பத்து வயதிருக்கும்.
பரவாயில்லை, இந்தக் காட்சி அவர்களுக்கு ஏற்றதுதான்.
ஒருவன் வந்து பையை எடுத்துக் கொடுத்துவிட்டு
மறுபடி சிரித்தான்.

இடுப்பு இரவெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது.
நாற்பத்தொரு முறை விழுந்தவனுக்கு
ஒரு தைலப் புட்டிகூட
யாரும் வைக்கவில்லையே அந்தப் படத்தில்.

மறுநாள் ஏழு என்று போட்டேன்.
காரணம் எழுத ஒற்றை வரி இடம்.
"அம்மா போய்விடுகிறாள்" என்று எழுதி அழித்தேன்.
"பெட்டியில் சட்டை இல்லை" என்று எழுதி
அதையும் அழித்தேன்.
"லேசான மன உளைச்சல்" என்பது
பட்டியலிலேயே தயாராக இருந்தது.
விநியோகஸ்தர் போன் செய்வார்,
"விழுந்ததற்கா?" என்பார், கத்துவார்.
பெரியவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால்
சின்னவர்களும் பார்க்கலாம் என்பேன்.
கேள்வி வந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும்,
பதில் தெரியாவிட்டாலும்.

வாத்தைப் பற்றி
எதுவும் எழுதவில்லை.